சொரியாசிஸ்: தோலில் இருக்கும் கொழுப்புக்கும் இந்த நோய்க்கும் என்ன சம்பந்தம்? எண்ணெய், க்ரீம், ஸ்டீராய்டு... எது என்ன செய்யும்?

கொழுப்பு என்றதும் நமக்கு ரெண்டு விஷயம்தான் ஞாபகத்துக்கு வரும். ஒன்று, லேபில் இருந்து வரும் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். இன்னொன்று, வீட்டில் வாங்கும் திட்டு. ஆனால் மூன்றாவதாக ஒரு கொழுப்பு இருக்கிறது. அது நம் தோலின் மேல் அடுக்கில், செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தகடுகளாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. உடம்பில் இருக்கும் தண்ணீர் ஆவியாகிப் போகாமல் நம்மைக் காப்பாற்றிக்கொண்டிருப்பது அதுதான்.

சொரியாசிஸ் நோயில் இந்தக் கொழுப்பு அடுக்கு குலைந்துபோகிறது. அதனால்தான் இந்த நோய் உள்ளவர்களிடம் ஆளாளுக்கு ஒரு யோசனை சொல்கிறார்கள். 'தேங்காய் எண்ணெய் தடவு, சரியாகிடும்' என்பார் ஒருவர். 'எண்ணெயே ஆகாது' என்பார் இன்னொருவர். மெடிக்கல் ஷாப்பில் போய் நின்றால் 'செராமைடு' என்று பெரிய எழுத்தில் போட்ட க்ரீம்கள் சாதாரண க்ரீமைவிட பல மடங்கு விலையில் வரிசை கட்டி நிற்கின்றன. இதில் எது உண்மை, எது வியாபாரம்? விரிவாகப் பார்க்கலாம்.

சொரியாசிஸ் தொற்றுமா?

தொற்றாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. தொட்டாலோ, ஒரே துண்டைப் பயன்படுத்தினாலோ, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாலோ பரவாது. கிருமியால் பரவும் நோயே இல்லை இது. நம் உடம்பின் நோய் எதிர்ப்பு மண்டலம் தேவையில்லாமல் விழித்துக்கொண்டு, தோலை 'சீக்கிரம் வளர், சீக்கிரம் வளர்' என்று விரட்டுவதால் வருவது. உலகம் முழுக்க குறைந்தது 10 கோடி பேருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 2014-ஆம் ஆண்டு நடந்த உலக சுகாதாரப் பேரவையில் இந்த நோய்க்கென்றே தனித் தீர்மானம் போட்டார்கள். நோயாளிகள் சந்திக்கும் ஒதுக்குதலும் அந்தத் தீர்மானத்தில் இடம்பெற்ற விஷயங்களில் ஒன்று.

சாதாரணமாக நம் தோலின் அடியில் பிறக்கும் ஒரு செல், மேலே ஏறி வந்து உதிர்வதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். சொரியாசிஸ் படையில் அதே பயணம் மூன்று முதல் ஐந்து நாட்களில் முடிந்துவிடுகிறது. முழங்கை, முழங்கால், தலை, இடுப்புக்குக் கீழ்ப்பகுதி ஆகிய இடங்களில் சிவந்து தடித்து, அதன் மேல் வெள்ளிபோலச் செதில் படிவது இதனால்தான். நம்மைப்போல் மாநிறமாகவோ கருப்பாகவோ இருப்பவர்களுக்குச் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. ஊதா கலந்த பழுப்பாகவோ சாம்பலாகவோதான் தெரியும். சிலர் ரொம்ப நாள் 'பொடுகு', 'வறட்சி' என்று நினைத்துவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

செங்கல்லும் கலவையும்

தோலின் மேல் அடுக்கைப் புரிந்துகொள்ள மருத்துவ மாணவர்களுக்கு ஒரு உவமை சொல்வார்கள். அமெரிக்கத் தோல் மருத்துவ ஆய்வாளர் பீட்டர் எலியாஸ் 1980-களில் பிரபலமாக்கியது அது. வீட்டுச் சுவரை நினைத்துக்கொள்ளுங்கள். தட்டையாகி இறந்துபோன செல்கள்தான் செங்கல். அவற்றுக்கு நடுவில் பூசப்பட்டிருக்கும் கொழுப்புதான் சிமெண்ட் கலவை. செங்கல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கலவை சரியில்லையென்றால் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கிவிடும் அல்லவா? இங்கே தண்ணீர் உள்ளிருந்து வெளியே போகும். வெளியிலிருந்து அழுக்கும் கிருமியும் எரிச்சலூட்டும் ரசாயனமும் உள்ளே வரும்.

இந்தக் கலவையில் மூன்று பொருட்கள் முக்கியம். எடைக் கணக்கில் சுமார் பாதி, செராமைடு எனும் கொழுப்பு வகை. கால்வாசி கொலஸ்ட்ரால். ஆமாம், ரத்தத்தில் அதிகமானால் டாக்டர் திட்டுவாரே, அதே கொலஸ்ட்ரால்தான். தோலில் அது நல்ல பிள்ளை. மூன்றாவது, கொழுப்பு அமிலங்கள், 10 முதல் 20 சதவிகிதம் வரை. செல்கள் மேலே ஏறி வரும்போதே இந்தக் கொழுப்பைச் சின்னச் சின்னப் பொட்டலங்களாகத் தயாரித்து, உச்சிக்கு வந்ததும் வெளியே கொட்டிவிட்டு இறந்துபோகின்றன. கொட்டிய கொழுப்பை நொதிகள் பக்குவப்படுத்தி, தகடு தகடாக அடுக்குகின்றன. ஒரு செல் சாவதற்கு முன் செய்யும் கடைசி வேலை இது.

இதில் ஒரு பழைய கதை உண்டு. 1929-இல் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் என்ற அமெரிக்கத் தம்பதி எலிகளுக்குக் கொழுப்பே இல்லாத உணவைக் கொடுத்துப் பார்த்தார்கள். எலிகளின் தோலும் வாலும் செதில் செதிலாகிப்போயின. லினோலியிக் அமிலம் எனும் கொழுப்பு அமிலம் உணவில் கட்டாயம் வேண்டும் என்று தெரியவந்தது அந்த வழியில்தான். அந்த அமிலத்துக்குத் தோலில் என்ன வேலை என்பது பிற்பாடு தெரிந்தது. மிக நீளமான ஒரு செராமைடு வகையின் வால் முனையில் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. கொழுப்புத் தகடுகளை ஒன்றோடொன்று தைத்துப் பிடிக்கும் ஊசி நூல்போல அந்தச் செராமைடு வேலை செய்கிறது.

சொரியாசிஸில் கலவைக்கு என்ன ஆகிறது?

ஒரு மாத வேலையை நான்கு நாளில் முடிக்கச் சொன்னால் எந்தக் கொத்தனாரும் ஒழுங்காக முடிக்கமாட்டார். அதேதான் இங்கேயும். செல்களுக்கு முதிர்ச்சி அடைய நேரம் கிடைப்பதில்லை. சாதாரணமாக உச்சிக்கு வரும்போது செல்லின் கரு மறைந்துவிட வேண்டும். சொரியாசிஸ் செதிலை மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் கரு அப்படியே தெரியும். கொழுப்புப் பொட்டலங்களும் அரைகுறையாகவே கொட்டப்படுகின்றன.

1993-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் சொரியாசிஸ் செதில்களைச் சேகரித்து, அதில் இருக்கும் செராமைடுகளைப் பிரித்துப் பார்த்தார்கள். அங்கே தெரிந்த முக்கியமான விஷயம், வகைகளின் விகிதம் மாறியிருந்தது. மேலே சொன்ன 'ஊசி நூல்' வகைச் செராமைடு குறைந்திருந்தது. சாதாரண வகைகள் சில கூடியிருந்தன. சிமெண்டைக் குறைத்து மணலைக் கூட்டிய கலவை மாதிரி. இப்படி ஆன தோலில் நீர்க்கசிவு அதிகமாக இருப்பதையும் கருவி வைத்து அளந்திருக்கிறார்கள். வியர்வை வேறு, இது வேறு. நமக்குத் தெரியாமலேயே தோல் வழியாக ஆவியாகும் தண்ணீர் இது.

கையளவு படை இருப்பவருக்கு இதனால் வறட்சி, வெடிப்பு, அரிப்பு, எரிச்சல். ஆனால் உடம்பு முழுக்கச் சிவந்து உரியும் ஒரு தீவிர வகை உண்டு. எரித்ரோடெர்மா என்பார்கள். அதில் சுவரே இல்லாத வீடு மாதிரி ஆகிவிடும். தண்ணீர், உடல் வெப்பம், புரதம் எல்லாம் வெளியேறும். குளிர் நடுக்கம் வரும். கிருமி தொற்றி ரத்தத்தில் கலக்கும் அபாயமும் உண்டு. அப்படி ஆனால் க்ரீம் தடவிக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அப்போ கொழுப்புதான் காரணமா?

இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. சுவர் இடிந்ததால் எதிர்ப்பு மண்டலம் விழித்ததா? எதிர்ப்பு மண்டலம் தாக்கியதால் சுவர் இடிந்ததா?

1970-கள் வரை சொரியாசிஸ் தோல் செல்லின் கோளாறு என்றுதான் பெரும்பாலும் நினைத்தார்கள். 1979-இல், மூட்டுவாதத்துக்காக சைக்ளோஸ்போரின் மருந்து கொடுத்த சிலருக்கு எதிர்பாராமல் சொரியாசிஸும் குறைந்ததைக் கவனித்தார்கள். எதிர்ப்பு மண்டலத்தை அடக்கும் மருந்து அது. அதிலிருந்து தராசு அந்தப் பக்கம் சாய்ந்தது. இன்றைக்கு நன்றாக வேலை செய்யும் 'பயாலஜிக்' ஊசிகள் எல்லாமே டிஎன்எஃப், ஐஎல்-17, ஐஎல்-23 போன்ற எதிர்ப்பு மண்டலத் தூதுப் புரதங்களைத்தான் தடுக்கின்றன. தோலில் ஒரு சொட்டு எண்ணெய் தடவாமலேயே, ஊசியால் அழற்சி அடங்கியதும் சுவர் தன்னைத் தானே கட்டிக்கொள்கிறது. இதை வைத்துப் பார்த்தால் கொழுப்புக் குலைவு பெரும்பாலும் விளைவு.

ஆனால் முழுக்க விளைவு என்றும் தள்ளிவிட முடியாது. தோலின் மேலுறையைக் கட்ட உதவும் ஒரு ஜோடி மரபணுக்கள் இல்லாதவர்களுக்குச் சொரியாசிஸ் வரும் வாய்ப்பு சற்று அதிகம் என்று 2009-இல் கண்டுபிடித்தார்கள். கீறல் பட்ட இடத்திலும், தையல் போட்ட இடத்திலும், இறுக்கமான பெல்ட் உரசும் இடத்திலும் புதிதாகப் படை கிளம்புவதை நோயாளிகளே பார்த்திருப்பார்கள். கோப்னர் என்ற ஜெர்மன் மருத்துவர் 19-ஆம் நூற்றாண்டிலேயே இதைக் குறித்து வைத்திருக்கிறார். சுவர் உடைந்தால் அங்கே சண்டை தொடங்குகிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. கொழுப்பே தீயை மூட்டும் எண்ணெயாக மாறலாம். 1975-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் சொரியாசிஸ் படையில் அராகிடோனிக் அமிலம் எனும் கொழுப்பு அமிலமும், அதிலிருந்து உருவாகும் அழற்சிப் பொருட்களும் மிக அதிகமாக இருப்பதைக் காட்டினார்கள். அந்தக் குழுவில் இருந்த பெங்ட் சாமுவேல்சன் பிற்பாடு 1982-இல் நோபல் பரிசு வாங்கினார், இதே வகைக் கொழுப்புப் பொருட்கள் குறித்த ஆராய்ச்சிக்காக. 2016-இல் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். படையில் ஒரு நொதி கொழுப்பைத் துண்டாக்கி, அந்தத் துண்டுகளை எதிர்ப்பு மண்டலத்தின் டி செல்கள் 'எதிரி' என்று எடுத்துக்கொள்வதைக் காட்டினார்கள். பொதுவாக எதிர்ப்பு செல்கள் புரதத்தைப் பார்த்துதான் உறுமும் என்று படித்திருப்போம். கொழுப்பைப் பார்த்தும் உறுமும்.

ஆக, ஒரு வட்டம். அழற்சி சுவரை உடைக்கிறது, உடைந்த சுவர் அழற்சியைக் கூட்டுகிறது. சிகிச்சை இந்த வட்டத்தை எந்த இடத்தில் வெட்டுகிறது என்பதுதான் கேள்வி.

எண்ணெய், வாசலின், செராமைடு க்ரீம்: எதை வாங்குவது?

ஈரப்பதம் காக்கும் களிம்புகள் சொரியாசிஸைக் குணப்படுத்தாது. ஆனால் எல்லா நிலையிலும், எல்லா சிகிச்சையோடும் சேர்த்துப் பயன்படுத்தச் சொல்லப்படுவது இவைதான். செதிலை மென்மையாக்கும், வெடிப்பைக் குறைக்கும், மேலே போடும் மருந்து உள்ளே இறங்க வழி விடும். 1990-களில் நடந்த ஒரு சிறிய ஆய்வில், ஸ்டீராய்டு க்ரீமை ஒரு வேளையும் ஈரப்பதக் களிம்பை ஒரு வேளையும் போட்டவர்களுக்கு, ரெண்டு வேளையும் ஸ்டீராய்டு போட்டவர்களுக்குக் கிடைத்த அளவு பலன் கிடைத்தது. ஸ்டீராய்டு பாதியாகக் குறைவது சின்ன விஷயம் இல்லை.

செராமைடு க்ரீம் விஷயத்துக்கு வருவோம். கலவையில் செராமைடு குறைகிறது, அதனால் செராமைடு தடவலாம் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 1990-களில் எலியாஸ் குழுவினர் செய்த பரிசோதனைகள் வேறொன்றைச் சொல்கின்றன. பழுதான தோலில் மூன்று கொழுப்பில் ஒன்றை மட்டுமோ ரெண்டை மட்டுமோ தடவினால், சுவர் சீராவது தாமதமானது. மூன்றும் சரியான விகிதத்தில் சேர்ந்தபோதுதான் பழுதுபார்க்கும் வேலை சரியாக நடந்தது. அதனால் டப்பாவின் முன்பக்கம் 'செராமைடு' என்று இருப்பதைவிட, பின்பக்கம் கொலஸ்ட்ராலும் கொழுப்பு அமிலமும் இருக்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டிய விஷயம். அப்படியே இருந்தாலும், இந்த க்ரீம்களுக்கான ஆதாரம் பெரும்பாலும் எக்ஸிமா நோயாளிகளிடம் இருந்து வந்தது. சொரியாசிஸில் சாதாரண வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லியைவிட அவை பெரிய அளவில் சிறந்தவை என்று சொல்லும் அளவுக்கு ஆதாரம் சேரவில்லை. பெட்ரோலியம் ஜெல்லி வெறுமனே மேலே உட்கார்ந்திருக்கும் என்று நினைப்போம். அது மேலடுக்கின் இடைவெளிகளுக்குள் இறங்கி, தற்காலிகக் கலவைபோல நிற்கிறது என்று 1992-இலேயே காட்டியிருக்கிறார்கள். விலை குறைவு, வாசனை இல்லை, அலர்ஜி அரிது. பிசுபிசுப்புதான் ஒரே குறை. சென்னை மே மாத வெயிலில் அது பெரிய குறைதான், ஒப்புக்கொள்கிறோம். அப்படிப்பட்ட நாட்களில் பகலில் க்ரீம், இரவில் ஜெல்லி என்று மாற்றிக்கொள்ளலாம்.

எந்த வகை என்பதைவிட எவ்வளவு என்பது முக்கியம். உடம்பில் பரவலாகப் படை இருக்கும் பெரியவர்களுக்கு வாரத்துக்கு 250 முதல் 500 கிராம் வரை தேவைப்படும் என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. நம்மில் பலர் 20 கிராம் ட்யூபை ஒரு மாதம் ஓட்டுகிறோம். அதனால்தான் 'போட்டேன், ஒண்ணும் ஆகல' என்ற புகார். இந்த அளவுக்கு வேண்டுமென்றால் விலை குறைந்ததை வாங்கித் தாராளமாகப் போடுவதே புத்திசாலித்தனம். குளித்ததும் துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்துவிட்டு, ஈரம் காய்வதற்குள் தடவிவிட வேண்டும்.

சமையலறை எண்ணெய்களில் எல்லாம் ஒன்று இல்லை. ஒலியிக் அமிலம் அதிகமுள்ள ஆலிவ் எண்ணெய் தோலின் கொழுப்புத் தகடுகளைக் குலைக்கும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. லினோலியிக் அமிலம் அதிகமுள்ள சூரியகாந்தி எண்ணெய் அப்படிச் செய்வதில்லை. தேங்காய் எண்ணெயில் இருப்பது பெரும்பாலும் லாரிக் அமிலம். வறட்சியைப் போக்க அது நன்றாகவே உதவும். தமிழ்நாட்டில் பலரும் பயன்படுத்தும் வெட்பாலைத் தைலம்கூட, வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் ஊறப்போட்டு வெயிலில் வைத்து எடுப்பதுதான். எண்ணெய் ஊதா நிறமாக மாறிவிடும். சித்த மருத்துவத்தில் சொரியாசிஸை 'காளாஞ்சகப்படை' என்பார்கள். தைலம் தடவுவதால் கிடைக்கும் இதத்தில் ஒரு பங்காவது அந்த எண்ணெயின் நெய்ப்பால் வருவதாக இருக்க வேண்டும். தடவ விரும்புபவர்கள் தடவலாம், ஆனால் டாக்டர் கொடுத்த மருந்தை அவரிடம் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. செதிலைச் சீயக்காயோ ஸ்க்ரப்போ போட்டுத் தேய்த்து எடுக்கவே கூடாது. கோப்னர் சொன்னதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கொழுப்புக் குடும்பத்து மருந்துகள்

ஒரு சுவாரஸ்யம் என்னவென்றால், சொரியாசிஸுக்குக் கொடுக்கும் பழைய, முக்கியமான மருந்துகளில் பல கொழுப்பின் உறவினர்கள்தான்.

வைட்டமின் டி, தோலில் இருக்கும் கொலஸ்ட்ராலின் முன்னோடிப் பொருளிலிருந்து வெயில் பட்டு உருவாவது. 1985-இல் ஜப்பானில் எலும்புத் தேய்மானத்துக்காக ஒரு வகை வைட்டமின் டி சாப்பிட்ட ஒரு நோயாளிக்குச் சொரியாசிஸ் மறைந்துபோனது. அந்தத் தற்செயலில் இருந்து வந்ததுதான் இன்று கிடைக்கும் கால்சிபோட்ரியால் களிம்பு. செல்களின் அவசரத்தைக் குறைத்து, முதிரவிடுகிறது. வாரத்துக்கு 100 கிராமுக்கு மேல் போடக் கூடாது, ரத்தத்தில் கால்சியம் ஏறிவிடும். செதிலைக் கரைக்கும் சாலிசிலிக் அமிலத்தை இதோடு சேர்த்துப் போட்டால் கால்சிபோட்ரியால் செயலிழந்துவிடும். ரெண்டும் ஒரே சீட்டில் இருந்தால் எதை எப்போது போடுவது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்டீராய்டின் எலும்புக்கூடும் கொலஸ்ட்ரால்தான். அழற்சியை இதைப்போல வேகமாக அடக்கும் களிம்பு வேறு இல்லை. ஆனால் ஒரு முரண்பாடு: வீரியமான ஸ்டீராய்டு, தோல் தனக்குத் தேவையான கொழுப்பைத் தயாரிப்பதையும் குறைத்துவிடுகிறது. தீயை அணைக்கும்போது கொத்தனாரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவது மாதிரி. மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, ரத்தக்குழாய் தெரிய ஆரம்பிக்கும். திடீரென நிறுத்தினால் படை முன்பைவிட மோசமாகத் திரும்பலாம். மாத்திரையாகவோ ஊசியாகவோ ஸ்டீராய்டு எடுத்துத் திடீரென நிறுத்தினால் சீழ்க்கொப்புளங்களோடு வரும் ஆபத்தான வகை கிளம்பலாம். 2018-இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு க்ரீம்களை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் 'படைக்கு ஒரு ஆயின்ட்மென்ட் குடுங்க' என்று கேட்டால் பல கடைகளில் கிடைத்துவிடுகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை.

அசிட்ரெட்டின் மாத்திரை வைட்டமின் ஏ குடும்பம். இது பெண்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய இடம். இந்த மருந்து கருவில் இருக்கும் குழந்தையைக் கடுமையாகப் பாதிக்கும். மது சேர்ந்தால் இது எட்ரெட்டினேட் எனும் பொருளாக மாறி, உடம்பின் கொழுப்பில் போய் வருடக்கணக்கில் தங்கிவிடும். அதனால் மருந்தை நிறுத்திய பிறகும் 3 ஆண்டுகள் கர்ப்பம் தரிக்கக் கூடாது என்பது விதி. திருமணம், குழந்தை என்ற திட்டம் இருந்தால் கூச்சப்படாமல் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், வேறு மருந்துகள் இருக்கின்றன. ரத்தத்தில் டிரைகிளிசரைடையும் இது ஏற்றும் என்பதால் இடையிடையே பரிசோதனை தேவை.

புற ஊதா ஒளி சிகிச்சை எடுப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. போவதற்கு முன் லேசாக மினரல் ஆயில் தடவினால் செதில் ஒளியைச் சிதறடிப்பது குறையும். ஆனால் தடிமனாக ஜெல்லி அப்பிக்கொண்டோ சாலிசிலிக் அமிலம் போட்டுக்கொண்டோ போனால் ஒளியே உள்ளே போகாது, சிகிச்சை வீண்.

மீன் எண்ணெய் மாத்திரை சாப்பிடலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். அராகிடோனிக் அமிலக் கண்டுபிடிப்புக்குப் பிறகு 1980-களில் இருந்தே சோதித்துப் பார்க்கிறார்கள். முடிவுகள் முன்னுக்குப் பின் முரண். மருந்துக்குப் பதிலாக அதை நம்ப முடியாது.

ரத்தத்தில் இருக்கும் கொழுப்பு?

தோலில் கொழுப்பு குறைகிறதே, அப்போ நெய், கறி நிறையச் சாப்பிடலாமா என்றால், கூடாது. தோல் தன் கொழுப்பைப் பெரும்பாலும் தானே தயாரித்துக்கொள்கிறது, நீங்கள் சாப்பிடும் கொலஸ்ட்ரால் அங்கே போய்ச் சேருவதில்லை. சொல்லப்போனால் நிலைமை தலைகீழ். சொரியாசிஸ் உள்ளவர்களுக்கு ரத்தக் கொழுப்புக் கோளாறு, சர்க்கரை, உடல் பருமன், மாரடைப்பு ஆகியவை வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். கடுமையான சொரியாசிஸ் உள்ள இளம் வயதினருக்கு மாரடைப்பு அபாயம் குறிப்பாகக் கூடுதல் என்று 2006-இல் வெளியான ஒரு பெரிய பிரிட்டன் தரவு ஆய்வு எச்சரித்தது. தோலில் எரியும் அழற்சி ரத்தக்குழாயையும் விட்டுவைப்பதில்லை.

அதனால் 30 வயதில் முழங்கையில் படையோடு தோல் மருத்துவரிடம் போகும்போது, அவர் லிப்பிட் ப்ரொஃபைல், சர்க்கரை, பிபி பார்க்கச் சொன்னால் 'க்ரீம் கேட்டு வந்தா டெஸ்ட் எழுதுறாரே' என்று நினைக்க வேண்டாம். அவர் சொல்லாவிட்டால் நீங்களே கேட்கலாம். எடை அதிகமுள்ளவர்கள் எடை குறைத்தால் படையின் தீவிரமும் குறைவது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. காலையில் எழுந்ததும் மூட்டு வலியும் இறுக்கமும் இருந்தால் அதையும் சொல்லுங்கள், சொரியாசிஸ் மூட்டுவாதமாக இருக்கலாம்.

கடைசியாக, அதிகம் பேசப்படாத ஒரு எச்சரிக்கை. பாரஃபின், எண்ணெய் கலந்த களிம்புகள் துணியிலும் படுக்கை விரிப்பிலும் ஊறினால் அந்தத் துணி மிக வேகமாகத் தீப்பிடிக்கும். துவைத்தாலும் முழுசாகப் போகாது. பிரிட்டனில் இப்படி உயிரிழப்புகள் நடந்த பிறகு, 2018-இல் அங்கிருக்கும் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எல்லாக் களிம்பு டப்பாக்களிலும் எச்சரிக்கை போடச் சொன்னது. நம் வீடுகளில் கேஸ் அடுப்பு, விளக்கு, ஊதுபத்தி, கொசுவத்தி எல்லாம் உண்டு. களிம்பு தடவிய கையோடு, தளர்வான நைட்டியிலோ லுங்கியிலோ அடுப்புப் பக்கம் போவதைத் தவிருங்கள். பீடி, சிகரெட் பிடிக்கும் வயதானவர்களுக்கு நீங்கள் தடவிவிடுபவராக இருந்தால், இதை அவர்களிடமும் சொல்லி வையுங்கள்.